பச்சை

சாவ் ஜோர்ஜ் தீவில்
மனிதரைவிட மாடுகள் அதிகம்.
பால் வண்டிகள் மலையிறங்கும் ஐந்து மணிக்கு
பெனெடிட்டா விழிப்பாள்.
முழங்காலை வயிற்றோடு மடக்கி
முகம் செக்கச் சிவந்து
முக்கி முக்கி அழுவாள்.

பிறந்து ஏழு வாரம்.
தாய்ப்பால் தவிர
வேறெதுவும் தொண்டையில் இறங்கியதில்லை.
மஞ்சளாய்ப் போய்க்கொண்டிருந்தவள்
ஒரு செவ்வாய்க்கிழமை
பச்சையாய்ப் போனாள்.
நடுவில் சளிபோல ஏதோ.
அதற்குள்ளே
தையல் நூல் அறுந்து விழுந்தாற்போல்
ஒரு சிவப்பு.

"ஒன்றுமில்லை" என்றேன் இல்டாவிடம்.
பச்சைப் பொய்.

நான் சீஸ் கூடத்தில் வேலை செய்கிறவன்.
சக்கரம் சக்கரமாய் அடுக்கியதை
வாரம் இருமுறை புரட்டிப்போட வேண்டும்.
சின்னச் சுத்தியலால் தட்டிக்
காது வைத்துக் கேட்பேன்.
உள்ளே விரிசலா, காற்றா,
அறுக்காமலே சொல்லிவிடுவேன்.
பதினாறு வருஷத்தில்
இரண்டு முறைதான் தப்பியிருக்கிறது.

டாக்டர் ஒடேட்
என் மகளின் வயிற்றில் விரல் வைத்து
இன்னொரு விரலால் தட்டினார்.
நானும் குனிந்து கேட்டேன்.
எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"எடை ஏறுகிறது. காய்ச்சல் இல்லை. சிரிக்கிறாள்.
அம்மா கொஞ்ச நாள்
பசும்பால் சேர்ந்த எதையும் நிறுத்திப் பார்க்கட்டும்.
கேட்கலாம், கேட்காமலும் போகலாம்."
"எதனால் இப்படி?"
"தெரியவில்லை."

டாக்டர் ஒருவர் அப்படிச் சொல்லி
நான் கேட்டதே இல்லை.
கோபம் வந்தது.
படகுத்துறை தாண்டுகையில்
கோபம் மரியாதையானது.
வீடு சேர்வதற்குள் மறுபடி கோபம்.

சீஸ் இல்லாத மேசையை
இந்த ஊரில் மேசை என்று சொல்வதில்லை.
இல்டா வெண்ணெயை நிறுத்தினாள்.
தங்கையின் கல்யாணத்தில்
கேக்கை முகர்ந்து பார்த்துவிட்டு
தட்டை என் பக்கம் தள்ளினாள்.
நள்ளிரவில் பசித்தால்
காய்ந்த ரொட்டியை எண்ணெயில் தொட்டு
நின்றபடியே தின்றாள்.
நான் வாசலிலேயே சட்டை கழற்றிக்
குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட்டேன்.
அப்படிச் செய்யச் சொல்லி
யாரும் சொல்லவில்லை.

ஒரு நோட்டும் போட்டேன்.
தேதி, மணி, நிறம்.
"ஆலிவ்."
"பாசி."
"மழைக்குப் பிறகு எதிர்த் தீவு."
இல்டா ஒருநாள் எடுத்துப் படித்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
பிறகு சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள்.

மூன்று வாரம்.
நிறம் மாறவில்லை.
பச்சை உடம்புக்காரிக்குக்
கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது.
இருட்டில் கேட்டாள்:
"என் பால்தான் ஆகவில்லையோ?"

எனக்குப் பால் பற்றித்தான் கொஞ்சம் தெரியும்.
"ஒரு சக்கரம் கெட்டால்
அறையின் ஈரம் என்போம், சூடு என்போம்,
கதவை யார் திறந்து வைத்தது என்று சண்டை போடுவோம்.
எடுத்தவுடன் பாலைக் குறை சொல்கிறவனை
கூடத்தில் யாரும் மதிப்பதில்லை."
அவள் பதில் சொல்லவில்லை.
பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள்.
அந்தச் சின்ன முட்டி
என் விலாவில் உதைத்தது.

பதினோராவது வாரம், ஞாயிறு,
மஞ்சள்.
திங்கள், பச்சை.
செவ்வாய், மஞ்சள்.
அப்புறம் மஞ்சளேதான். நூலும் இல்லை.

நான்கு நாள் கழித்து இல்டா சொன்னாள்,
சனிக்கிழமை இரவு
தாங்கமுடியாமல் ஒரு துண்டு சீஸ் தின்றேன் என்று.
நான் கோபப்படுவேன் என்று
கதவருகே நின்றுதான் சொன்னாள்.
டாக்டரிடம் போய்
அதையும் ஒப்புவித்தோம்.
ஒடேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இதுவும் தெரியவில்லை.
மெதுவாக ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பாருங்கள்.
சிவப்பு தெரிந்தால் உடனே வாருங்கள்."

நோட்டு இன்னும் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது.
கடைசிப் பக்கத்தில்
"கடுகு" என்று எழுதி
கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

நேற்றுக் கூடத்தில் ஒரு சக்கரத்தைத் தட்டினேன்.
இதுவரை கேட்காத சத்தம்.
விரிசல் இல்லை, காற்றும் இல்லை.
மறுபடி தட்டினேன்.
கத்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று
புரட்டி
அதே இடத்தில் வைத்தேன்.